கடலைப் படிக்க ஆள் வேண்டும்

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகிறது: அடுத்து என்ன படிப்பது? மருத்துவம், பொறியியல், கணிப்பொறி என்ற மூன்று விடைகளோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில், கடலைப் பற்றிப் படிக்கலாமே என்று சொல்வோர் அரிது. யாரேனும் சொன்னாலும், "அது விலங்கியல் படித்தவர்களுக்கு உரியது" என்ற பதில் உடனே வரும்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இக்கருத்தை நான் மறுக்கிறேன். கடலறிவியலுக்கும், விண்ணிலிருந்து நீர்நிலைகளை ஆராயும் தொலையுணர்வுத் துறைக்கும் அடித்தளம் இயற்பியலும் கணிதமுமே. அதே சமயம், புதுமையான பெயருள்ள படிப்பு என்பதற்காகப் பதினேழு வயதில் அவசரப்பட்டு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன். இரண்டுக்கும் காரணங்கள் உண்டு.

ஓர் அலையின் கணக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இத்தகைய அலையின் வேகம் புதிரான ஒன்று அன்று. கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் போதும். ஆழம் 4000 மீட்டர், முடுக்கம் ஏறத்தாழ 10 என்று கொள்வோம். பெருக்குத்தொகை 40,000, அதன் வர்க்கமூலம் 200. அதாவது வினாடிக்கு 200 மீட்டர், மணிக்கு 720 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்குத்தான் இது.

நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில், ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலின் மேல் கடந்து சென்றது. ரேடார் துடிப்புகளைக் கடல்பரப்புக்கு அனுப்பி, அவை திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கும் கருவி அதில் இருந்தது. நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர் உயரமே இருந்த அந்த அலையை அது பதிவு செய்தது. ஆனால் அப்பதிவு தரைக்கு வந்து, ஆராயப்பட்டு, அதன் பொருள் விளங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இது செயற்கைக்கோளின் குற்றம் அன்று. எச்சரிக்கை தருவதற்காக அது ஏவப்படவும் இல்லை. கருவி பதிவு செய்தால் மட்டும் போதாது, அதை உரிய நேரத்தில் படித்துப் பொருள் சொல்லும் மனிதரும் ஏற்பாடும் வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

2007 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு இயங்கத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், கடலடி அழுத்தமானிகள், கரையோர நீர்மட்ட அளவிகள் ஆகியவை அனுப்பும் செய்திகளை இரவு பகலாகக் கண்காணிப்போர் அங்கே இருக்கிறார்கள். கடலறிவியல் படித்தவரின் வேலை எத்தகையது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இவர்களைத்தான்.

நிறம் சொல்லும் செய்தி

இந்தியாவின் முதல் புவிநோக்குச் செயற்கைக்கோளான பாஸ்கரா-1, 1979 ஜூன் 7 அன்று ஏவப்பட்டபோதே கடலை ஆராய ஒரு நுண்ணலைக் கருவியைச் சுமந்து சென்றது. பின்னர் கடலுக்கென்றே ஓஷன்சாட்-1 1999இலும், ஓஷன்சாட்-2 2009இலும், ஓஷன்சாட்-3 2022இலும் ஏவப்பட்டன. மூன்றாவதிலுள்ள நிறமறியும் கருவி 13 அலைநீளப் பட்டைகளில் கடலை நோக்குகிறது.

கடலின் நிறத்தில் என்ன செய்தி இருக்க முடியும்? நீருக்குள் புகும் வெள்ளொளியில் சிவப்பு விரைவில் உட்கவரப்படுகிறது. நீலம் ஆழமாகச் சென்று, சிதறி மேலே திரும்புகிறது. எனவே தெளிந்த ஆழ்கடல் நீலமாகத் தோன்றுகிறது. நுண்ணிய மிதவைத் தாவரங்கள் மிகுந்த இடத்தில் அவற்றின் பச்சையம் நீல ஒளியை உட்கொண்டுவிடுவதால், நீர் பசுமை சாயலைப் பெறுகிறது. மிதவைத் தாவரம் உள்ள இடத்தில் அதை உண்ணும் சிற்றுயிர்கள் கூடும். அவற்றைத் தேடி மீன்கள் வரும். பச்சையத்தின் அளவையும் கடல்பரப்பின் வெப்பநிலையையும் இணைத்துப் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை ஐதராபாத் மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. வீணாகத் தேடி அலைவதில் செலவாகும் டீசல் மிச்சமாகிறது.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? செய்வது அத்தனை எளிதன்று. கடலின் மேல் பறக்கும் செயற்கைக்கோளை வந்தடையும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, காற்று மண்டலம் சிதறடித்த ஒளி. நீருக்குள்ளிருந்து வருவது பத்தில் ஒரு பங்கே. அந்த ஒன்பதைச் சரியாகக் கழித்தால்தான் இந்த ஒன்று கைக்கு வரும். கழிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை பெரிதும் மாறிவிடும். நம் விடை சரிதானா என்று எப்படி அறிவது? ஒருவர் படகில் சென்று, நீரை முகந்து, வடிகட்டி, அதிலுள்ள பச்சையத்தை அளக்க வேண்டும்.

ஏரி குளங்களுக்கும் இதுவே விதி. அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் உட்கவர்ந்துவிடுவதால், அவ்வொளியில் எடுத்த படத்தில் நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு சுருங்கியதை விண்வெளிப் படங்கள் தெளிவாகக் காட்டின. ஆனால் ஏரியின் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்பதை அப்படங்கள் சொல்வதில்லை. அதற்கு ஏரியில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

"இனி கணிப்பொறியே தானாகக் கற்றுக்கொண்டு படங்களை ஆராய்ந்துவிடும், மனிதர் எதற்கு?" என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். கணிப்பொறி எதைக் கொண்டு கற்கிறது? கடலில் யாரோ அளந்து கொடுத்த எண்களைக் கொண்டுதான். அளவு தவறானால் அதன் கல்வியும் தவறாகவே இருக்கும்.

எதைப் படிப்பது, எங்கே படிப்பது?

முதல் பட்டத்தை இயற்பியல், கணிதம், வேதியியல், நிலவியல் போன்ற ஓர் அடிப்படைத் துறையிலோ பொறியியலிலோ பெறுங்கள் என்பதே என் அறிவுரை. அதன் மேல் கடலியலைக் கட்டலாம். விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கடலியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கடல் பொறியியல் துறையும், அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனமும் இருக்கின்றன. உயிரியலில் நாட்டமுள்ளவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் உள்ளன. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளும் தொலைவழி வகுப்புகளும் நடத்துகிறது.

பணி தரும் நிறுவனங்களும் பலவகை. 1966இல் தொடங்கப்பட்டு, கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் ஆராய்ச்சிக்கு உரியது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கருவிகளை உருவாக்குவது. இந்நிறுவனம் 2005இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து ஏற்றிய குளிர்ந்த நீரால் அந்த ஆவியை நன்னீராக மாற்றுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று நீங்கள் பாடத்தில் படித்த உண்மைதான் ஒரு தீவின் தாகம் தீர்க்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்துறையில் நிலையான அரசுப் பணியிடங்கள் ஏராளம் இல்லை. பலர் சில ஆண்டுகள் தற்காலிகத் திட்டப் பணிகளில் இருந்த பிறகே நிலைபெறுகிறார்கள். அடிப்படைத் துறையில் முதலில் வேரூன்றுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இயற்பியலும் கணிதமும் கைவசம் இருந்தால் வானிலை, துறைமுகம், நீர்வளம், கற்பித்தல் என்று வேறு வாயில்களும் திறந்தே இருக்கும்.

கப்பல் பணி பெண்களுக்கு ஒத்துவராது என்று தயங்கும் பெற்றோர், கோவா நிறுவனத்தின் கடலியலாளர் அதிதி பந்தை நினைத்துப் பார்க்கலாம். 1983இல் புறப்பட்ட பயணக் குழுவில் அவர் அண்டார்க்டிகாவுக்கே சென்று ஆராய்ச்சி செய்தார்.

மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியே ஒரு சொல். வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றையும், நீவாடு என்று கடல் நீரோட்டத்தையும் நீங்கள் சிறு வயதிலேயே அறிந்திருக்கிறீர்கள். நகரத்து மாணவர் கப்பலேறிய பிறகு கற்கத் தொடங்குவதை வீட்டிலேயே கற்றவர்கள் நீங்கள். அந்த அறிவோடு கணிதமும் சேருமானால் உங்களைவிடத் தகுதியானவர் யார்? இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது கடலோரப் பள்ளி ஆசிரியர்களின் கடமை.

இப்போதே தொடங்கலாம்

1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி ஒரு வெள்ளை வட்டத் தட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அடியில் எடை கட்டுங்கள். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். ஆசிரியரின் துணையோடு, உங்கள் ஊர் ஏரியில் ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை நண்பகலில் அளந்து, நாளும் நேரமும் குறித்து வையுங்கள். தனியாக நீரருகே செல்ல வேண்டாம். ஓராண்டு தவறாமல் எழுதிய அந்தக் குறிப்பேடு, அதே ஏரியை மேலிருந்து நோக்கும் செயற்கைக்கோளின் அளவுகளைச் சரிபார்க்க உண்மையிலேயே பயன்படும்.