பட்டா இல்லாதவருக்கும் திட்டத்தில் இடம் வேண்டும்

ஒரு தோட்டம் மேம்பாட்டுக்குப் போகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு எப்போது தெரிய வருகிறது? பல இடங்களில் புல்டோசர் வந்து நின்ற பிறகுதான். அதற்குச் சட்டமே வழிவிடுகிறது.

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21(6) பிரிவைப் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்கு! மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்பவருக்குப் பட்டா இல்லை. ஆகவே கடிதமும் இல்லை.

பட்டா இல்லாதவரின் நிலையைக் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் பார்த்தோம். அந்தத் தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர்கள் 1980-களில் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர். கடைசியில் அவர்களுக்கான வீடுகளும் சொகுசு அடுக்குமாடிகளும் சேர்ந்த ஒரு திட்டம் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அங்கீகரிக்கப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் 2017-இல் வழக்குத் தொடுத்தனர். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அங்கீகாரம் செல்லாது என்பதை உறுதிப்படுத்தியது. அமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் நினைத்தபடி மீற முடியாது என்றது.

தீர்ப்பு சரியானதே. பூங்கா தப்பியது. ஆனால் தொழிலாளருக்கு வீடு? ஏழையின் வீட்டையும் ஊரின் பூங்காவையும் மோதவிட்டது, தோட்டம் கைமாறிய அன்றே குடியிருப்புக்கு நிலம் ஒதுக்காத திட்டமிடல் முறைதான்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருப்பவர் அனைவருக்கும் அறிவிப்பு. இரண்டு, தோட்ட நிலம் மாற்றப்படும்போது அங்குள்ளவர்களின் வீடு, தமிழ்ப்பள்ளி, ஆலயம், இடுகாடு ஆகியவற்றுக்கு முதலில் நிலம் ஒதுக்கிய பிறகே மேம்பாட்டு அனுமதி. மூன்று, 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீண்டும் வர வேண்டும். நம் ஓட்டு தேவைப்படாத மன்ற உறுப்பினர் நம் குரலை ஏன் கேட்பார்?

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்கப் பட்டா தேவையில்லை. திட்டம் அமலுக்கு வந்துவிட்டால் 21(6) பிரிவின் அறிவிப்புகூட அண்டை வீட்டாருக்கு வராது. எனவே உங்கள் மன்றத்துக்குப் போங்கள். வரைபடத்தில் உங்கள் பள்ளியும் ஆலயமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் காலக்கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். நாளை நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தத் தாள்தான்.