படியை விட்டுக் 'கப்பு'க்கு அடிமையாவதா?

இற்றைத் தமிழ்ச் சமையல் நூல்களைப் புரட்டுவோர் 'ஒரு கப்பு அரிசி, கால் கப்பு உளுந்து' என்றே எங்கணும் காண்பர். ஆழாக்கும் உழக்கும் எங்கே போயின?

படி ஊருக்கு ஊர் மாறுபட்டது, அதனால் ஒழிந்தது என்பர். மெய்யே. பெரிய படியால் வாங்கிச் சிறிய படியால் விற்று ஏழையரை ஏய்த்த வணிகரும் இருந்தனர். 1956-இல் அளவைச் சட்டம் இயற்றப்பெற்று, பின்னர்க் கடைகளில் கிலோவும் இலிட்டரும் வந்தமை அவ்வகையில் நன்மையே. ஆனால், அடுக்களையில் குடிபுகுந்த கப்பு எவ்வகையில் உயர்ந்தது? அமெரிக்கர் கப்பு ஏறத்தாழ 240 மில்லி இலிட்டர். ஆத்திரேலியர் கப்பு 250. சப்பானியர் கப்பு 200. ஊருக்கு ஊர் மாறிய படி குற்றமெனின், நாட்டுக்கு நாடு மாறும் கப்பு மட்டும் எங்ஙனம் செப்பமாகும்?

முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு என்பதைத் தமிழர்க்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்தவர் தொல்காப்பியர். தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், பொன் நிறுத்த கல்லையும் 'ஆடவல்லான்' என்கின்றன. நெல் அளந்த மரக்காலையும் 'ஆடவல்லான்' என்கின்றன. பெயர் ஒன்றாயினும் கல் நிறுத்தது, மரக்கால் முகந்தது.

இவ் வேறுபாட்டை மறந்தமையாற்றான் இன்று பலர், 'ஓர் ஆழாக்கு எத்தனை கிராம்?' என வினவி ஒரே விடையை எதிர்பார்க்கின்றனர். அவ்வினா முடிவு பெறாது. எப்பொருளில் ஆழாக்கு என்று கேட்டல் வேண்டும். ஓர் இலிட்டர் கொள்ளும் ஏனத்தில் நீர் 1000 கிராம் நிற்கும். எண்ணெய் ஏறத்தாழ 920. அரிசி ஏறத்தாழ 800. கோதுமை மாவோ 500 முதல் 600 வரையே. மாவைக் குலுக்கி அழுத்தினால் எடை ஏறும். சலித்துக் கொட்டினால் இறங்கும். தலைதட்டி அளந்ததும் குவித்து அளந்ததும் ஒன்றாகா.

ஆகவே தமிழ் உணர்வாளர் செய்யத்தக்கது புலம்பலன்று, நிறுத்துப் பார்த்தலே. பரண்மேல் கிடக்கும் ஆழாக்கை இறக்குக. வெற்று ஏனத்தின் எடையைக் கழித்து, நீர் நிரப்பி நிறுக்க. கிராம் எத்தனையோ அத்தனை மில்லி இலிட்டரே அதன் கொள்ளளவு. பின்னர் அரிசி, உளுந்து, மாவு, சருக்கரை ஒவ்வொன்றையும் தலைதட்டி, மும்முறை நிறுத்து, நடு அளவைக் குறித்து அடுக்களைச் சுவரில் ஒட்டுக. சமையல் நூல் எழுதுவோர், 'ஓர் ஆழாக்குப் பச்சரிசி' என்று எழுதி, அருகிலேயே அதன் கிராம் அளவையும் தருக. புதிதாகச் சமைப்பவர்க்குச் செப்பமும் கிட்டும், சொல்லும் பிழைக்கும்.

ஒரு மொழி பாட்டிலும் மேடையிலும் மட்டும் வாழ்ந்துவிடாது. உலைக்கு அரிசி அளக்கும் கையில் அது வாழ்தல் வேண்டும். படியளந்த இனம், தன் படியின் பெயரை இழந்து நிற்றல் தகுமா?