கூண்டு ஏற்றச் சொல்லும் மிதவை!

'எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்!'

ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடிக்கடி காதில் விழும் செய்தி இது. நகரத்தில் இருப்பவர்கள் குடையைத் தேடுவார்கள். காட்டுப்பள்ளி, பழவேற்காடு மீனவக் குடும்பங்களுக்கோ இது அடுப்பு எரியுமா என்ற கேள்வி. கடலுக்குப் போகாவிட்டால் வருமானம் இல்லை. மீறிப் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வேகமாக வலுவடைந்தபோது, குமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை.

கரையில் கூண்டு ஏற வேண்டுமென்றால், கடலிலிருந்து தகவல் வர வேண்டும். செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடித்துவிடும். ஆனால், அந்த மேகத்துக்குக் கீழே காற்றழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல, அங்கேயே ஒரு கருவி மிதக்க வேண்டும். அதுதான் மிதவை. பேச்சுவழக்கில் 'போயா'.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. காற்று, அழுத்தம், அலை, வெப்பநிலை என எல்லாவற்றையும் அவை அளந்து அனுப்பும். ஆனால் செலவு அதிகம். நிறுத்தவும் பழுது பார்க்கவும் பெரிய கப்பல் போக வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பவை, நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் சிறு மிதவைகள். இந்த நிறுவனமே உருவாக்கிய அப்படியொரு மிதவைக்குப் பெயர் 'பிரத்யு'. இது இன்சாட் செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பக்கூடியது.

இந்த வகை மிதவைக்கு நங்கூரம் கிடையாது. அந்த வழியாகப் போகும் கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் போதும். உலகம் முழுக்கப் பயன்படும் வடிவத்தில், சுமார் 15 மீட்டர் ஆழத்தில் நீளமான துணிக்குழாய் ஒன்று தொங்கும். அதனால் காற்றின் போக்கில் அடித்துச் செல்லப்படாமல் நீரோட்டத்தோடு மிதவை நகரும். அது போகும் பாதையே நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் சொல்லிவிடும். கடல் மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கும் கருவி இருக்கும். சிலவற்றில் காற்றழுத்தமானியும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் அதன் வேலை முடிந்தது. கருவிகள் குறைவு, கப்பல் செலவும் குறைவு. அதனால்தான் விலை மலிவு.

நங்கூரமிட்ட மிதவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மிதக்கும் பொருளின் நிழலில் மீன் கூடும். மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வரும். மிதவையில் படகைக் கட்டுவதாலும், வலை சிக்குவதாலும், பாகங்கள் கழற்றப்படுவதாலும் கருவிகள் பழுதாகின்றன. மீனவர்களிடம் இதுபற்றித் தொடர்ந்து விழிப்புணர்வுப் பிரசாரம் நடக்கிறது.

அடுத்த முறை கடலில் போயா கண்ணில் பட்டால், கயிற்றை அதில் கட்டாமல் சற்றுத் தள்ளியே போகலாம். கரைக்குத் திரும்பச் சொல்லும் செய்தி அங்கிருந்தும் வரலாம்!