"இதற்கான மரபணு": ஒரு வேற்றுமை உருபின் அட்டூழியம்

சென்ற வாரம் ஓர் இணையவழிக் கருத்தரங்கில், செரடோனின் கடத்தி மரபணுவின் குறுவடிவத்தைப் "புலிமியா நோயாளிகளின் மனச்சோர்வுக்கும் கட்டுப்பாடின்மைக்குமான மரபணு" என்று பேராசிரியர் ஒருவர் அறுதியிட்டுரைத்தார். எவரும் மறுக்கவில்லை, நானும்தான். அன்றிரவு, அந்நோயோடு ஆண்டுக்கணக்கில் போராடும் விடுதித் தோழி கேட்டாள்: "ரத்தத்துலயே இருக்குன்னா நான் எதுக்கு ட்ரீட்மென்ட்டுக்குப் போகணும்?" வாய்மூடியிருந்த குற்றத்திற்காகவே இப்பதிவு.

மரபுக்குப் பங்கில்லை என்பதன்று என் வாதம். உண்ணல் கோளாறுகளில் அதன் பங்கு கணிசமானது என்றே இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒற்றை மரபணுவைச் சுட்டும் துணிவு எங்கிருந்து வருகிறது? 1996இல் அக்குறுவடிவம் பதற்றம் சார்ந்த ஆளுமைக்கூறுகளோடு இணைக்கப்பட்டது. பின்னர்ச் சிறு மாதிரிகளைக் கொண்ட ஆய்வுகள் குவிந்தன. ஒன்று ஆம் என்றது, மற்றொன்று இல்லை என்றது. 2019இல், மனச்சோர்வோடு தொடர்புடையனவாகப் புகழ்பெற்ற 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவுகளில் சோதித்தனர். இச்செரடோனின் மரபணுவும் அவற்றுள் அடக்கம். ஏனைய மரபணுக்களைவிட அவை எவ்வகையிலும் மேம்பட்டு நிற்கவில்லை. அதே ஆண்டு அனரெக்சியா நோயாளிகள் 16,992 பேரை ஆராய்ந்தவர்கள் மரபுத்தொகுதியில் எட்டு இடங்களைக் கண்டனர். ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது; ஆய்வுக்குட்பட்டோர் ஐரோப்பிய வழியினர். நம் பேராசிரியருக்கு இவையொன்றும் தடையாகவில்லை.

நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, பொருட்டு, அதுவாதல் எனப் பல பொருள்களைத் தருகிறது. "கட்டுப்பாடின்மைக்கான மரபணு" என்பதில் எப்பொருள்? பொருட்டா? அம்மரபணு புரதம் ஒன்றை உருவாக்குகிறது, அதற்கு நோக்கமில்லை. அதுவாதலா? மரபணு நடத்தையாக மாறுவதில்லை. இலக்கணம் இடங்கொடாத காரணத் தொடர்பை ஓர் உருபின் மறைவில் கடத்துகிறார்கள். (ஆங்கிலத்திலும் இதே கடத்தல்தான், மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறிப் பயனில்லை.)

திசையும் ஐயத்திற்குரியது. 1944–45இல் மின்னசோட்டாவில் உடலும் உள்ளமும் நலமுற்றிருந்த 36 ஆடவர் ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். சோர்வும் எரிச்சலும் அவர்களைப் பற்றின. மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் கட்டுப்பாடிழந்து உண்டனர். பட்டினி விளைவித்ததைப் பிறவிக்குணமென்று எழுதுவது எவ்வகை அறிவியல்?

புலிமியாவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலனளிப்பது பலமுறை நிறுவப்பட்ட ஒன்று. மரபின் பங்கு எவ்வளவாயினும் அது மாறாது. தோழியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அடுத்த சந்திப்புக்குச் செல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அக்கருத்தரங்கின் காணொளி இன்னும் பொதுவெளியில் இருக்கிறது. ஏற்பாட்டாளர்களே, அதன்கீழ் ஒரு திருத்தக் குறிப்பேனும் இடுங்கள்.