பாறை மேல இருக்கோம்னு தைரியமா இருக்கலாமா?



போன மாதம் சமூக அறிவியல் வகுப்பில் நிலநடுக்கம் பற்றிப் பாடம் நடந்தது. அப்போது ஒருவன் எழுந்து, "டீச்சர், அதெல்லாம் நம்ம தர்மபுரிக்கு வராது. நாலு அடி தோண்டினாலே பாறை" என்றான். எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். கிணறு வெட்டவே வெடி வைக்கிற ஊரில் பூமி எப்படி ஆடும் என்று நினைத்தேன். அது தப்பு என்பதுதான் இப்போது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது? பூமியின் மையம் 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. நாம் நிற்கும் மேலோடு நம் பக்கத்தில் சுமார் 40 கி.மீ. தடிமன்தான். அதன் கீழே 2,900 கி.மீ. ஆழம் வரை கவசம். அதற்கும் கீழே உருகிய இரும்பாலான வெளிக்கரு. நடுவில் கெட்டியான உட்கரு. கவசமும் பாறைதான். ஆனால் உள்ளே இருக்கிற சூட்டில் கேழ்வரகுக் களி மாதிரி இளகி, மிக மிக மெதுவாக நகர்கிறது.

அதன் மேல் நம் நாடு இருக்கும் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்குப் பக்கம் நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. இமயமலை எழும்பியதே அதனால்தான். முட்டுவது அங்கே, நமக்கென்ன என்று இருக்க முடியாது. அந்த நெருக்கம் தட்டு முழுக்கப் பரவுகிறது. கெட்டிப் பாறைக்குள்ளேயும் பழைய விரிசல்கள் உண்டு. நெருக்கம் தாங்காமல் ஒரு விரிசல் சட்டென்று நழுவினால் அதுதான் நிலநடுக்கம்.

இது நடக்காத கதை இல்லை. மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் கில்லாரி என்று ஓர் ஊர். அதுவும் நம்மைப் போல தக்காணத்துப் பாறை பூமி. அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை 4 மணிக்குக் கொஞ்சம் முன்னால் 6.2 அளவில் பூமி ஆடியது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிய ஜனங்கள். 52 கிராமங்கள் தரைமட்டம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்துப் போனார்கள்.

அவ்வளவு பேர் ஏன் செத்தார்கள்? அங்கே வீடுகளுக்குத் தடித்த கல் சுவர், மண் சாந்து, மேலே கனமான மண் கூரை. இரண்டு பக்கமும் கல்லை அடுக்கி நடுவில் சல்லியைக் கொட்டிய சுவர்கள். ஆட்டத்தில் சுவர் இரண்டாகப் பிளந்தது, கூரை தூங்கியவர்கள் மேல் விழுந்தது. ஆனால் ஏழைகளின் கூரைக் குடிசைகள் பல தப்பித்தன. இதைக் கேட்டதும் எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏனென்றால் நாங்கள் இப்போது இருக்கிற எங்கள் பாட்டி வீடும் கல் சுவர், மண் சாந்துதான்.

நம் பக்கம் ஆடியதே இல்லையா என்றால், 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூரில் சுமார் 6 அளவில் ஆடியிருக்கிறது. 2002-ல் வெளியான இந்திய வரைபடத்தில் கோவையும், நம் பக்கத்து ஊரான சேலமும் மூன்றாம் மண்டலத்தில் இருந்தன. மூன்றாம் மண்டலம் என்றால் மிதமான ஆபத்து என்று அர்த்தம்.

இப்போது எங்கள் அப்பா புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார். நான் மேஸ்திரியிடம், "அண்ணா, ஜன்னலுக்கு மேல வீடு சுத்தி எல்லாச் சுவருக்கும் சேர்த்து கம்பி வெச்சு கான்கிரீட் பெல்ட் போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஜப்பான்காரனுக்குப் பாப்பா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி அந்தப் பெல்ட் நாலு சுவரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். தனித்தனியாக நிற்கும் சுவர்தான் சீக்கிரம் விழும்.

"கம்பி விற்கிற விலையில் ஏழைங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்பாவும் அதையேதான் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் இது: வாசல் டைல்ஸையும் முகப்பு அலங்காரத்தையும் அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டை அடுத்த வருஷம் போட முடியாது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ராத்திரி நோட்டில் கம்பிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பழைய வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். படுக்கிற இடத்துக்கு மேலே பரணில் அண்டா, மூட்டை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் நேற்றே இறக்கிவிட்டோம்.

தலைமை ஆசிரியர் அய்யாவுக்கும் ஒரு வேண்டுகோள். ஆடும்போது பெஞ்சுக்கு அடியில் தலையை மறைத்து உட்காருவது, நின்றதும் தள்ளாமல் வரிசையாக மைதானத்துக்குப் போவது, இதை எங்களுக்கு ஒரு நாள் ஒத்திகை வைத்துக் காட்ட வேண்டும்.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வராமலே கூடப் போகலாம். அப்படியானால் பெல்ட் போட்ட வீடு இன்னும் உறுதியாக நிற்கும், அவ்வளவுதான். பூமியை நாம் நிறுத்த முடியாது, சுவரைக் கட்டி நிறுத்தலாம். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அஸ்திவாரம் தோண்டினால் போய்க் கேளுங்கள். மேஸ்திரி சிரித்தாலும் பரவாயில்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி