தூரமும் நேரமும்

சென்ற கிழமை நம் வகுப்பில் ஒரு மாணவன், "கனடாவில் ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் செல்லும்?" என்று வினவினான். அவனுடைய சிறிய தந்தையார் முன்னைய நகரிலும் அத்தையார் பின்னைய நகரிலும் வாழ்கின்றனராம். நல்ல வினாவே. தேசப்படத்தைச் சுவரில் மாட்டி விடை கூறினோம்.

அவ்விரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,350 கிலோமீற்றர். தரைவழியிற் சென்றால் 4,000 கிலோமீற்றருக்கும் மேல். மேற்கு நோக்கிப் பறக்கும் விமானம் ஐந்து மணி நேரமளவில் வன்கூவரை அடையும். திரும்பி வருகையிலோ, அரைமணி அளவு முன்னதாகவே வந்து சேரும். தூரம் ஒன்றாயிருக்க, நேரம் வேறுபடுவானேன்? அப்பகுதியில், பத்துக் கிலோமீற்றர் உயரத்திலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறுபோல் ஓடுகின்றது. போகும்போது விமானம் எதிர்நீச்சல் இடுகின்றது. மீளும்போது வெள்ளத்தோடு வருகின்றது. ஆதலின், பயண நேரத்தைக் கணிப்பதற்குத் தூரம் மட்டும் போதாது. வழியில் எதிர்ப்பது யாது என்பதையும் அறிதல் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் நாம் ஒரு வினா விடுத்தோம்: "தலைமன்னாரிலிருந்து நம் மாத்தளைக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?" ஒருவரும் வாய் திறந்திலர். அவர்களுட் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்தம் பாட்டனுக்குப் பாட்டன் காலால் அளந்த தூரம் அன்றோ அது!

மதவாச்சி, தம்புள்ளை வழியாக அத்தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். பழைய கணக்கில் 150 மைல். ஜெற் விமானத்தின் வேகத்திற்கு அது கால்மணிப் பொழுது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர், தோணியிற் கடல் கடந்து, அக்காட்டு வழியை நடந்தே கடந்தனர். அங்கும் எதிர்காற்று இருந்தது: பசி, தாகம், வாந்திபேதி, காய்ச்சல், காட்டு விலங்கு. மாத்தளையைக் காணாமலே வழியோரத்தில் மாண்டோர் பலர். புகைவண்டி மாத்தளைக்கு வந்தது 1880இல். தலைமன்னாருக்கு வந்ததோ 1914இல்.

மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. தார் வீதியில், வழியெங்கும் வரவேற்போடு நடந்தும் பதினாறு நாள்! நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றர். குழந்தையை இடுப்பிலும் சட்டிபானையைத் தலையிலும் சுமந்து, பாதையறியாது நடந்தவர்க்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதை மாணாக்கரே கணித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அத்துடன், தம் குடும்பம் மலைநாட்டிற்கு வந்த கதையை வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதி வருமாறும் பணித்தோம். மறுநாள், கனடாவைப் பற்றிக் கேட்ட அம்மாணவன் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எண்பது வயதைக் கடந்த அவன் பாட்டியார், "இதை இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லையே" என்று சொல்லி, இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

ரொறன்ரோவின் தூரத்தை எந்நாளும் அறிந்துகொள்ளலாம்; அது படத்தில் உள்ளது. பாட்டியார் அறிந்த தூரமோ, அவர் உள்ளளவும்தான் உள்ளது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளே, கேட்டு எழுதிக்கொள்க.