விலைக்கேத்த சரக்குன்னு சொல்லாதீங்க சாமி

சுங்குவார்சத்திரத்துல சாம்சங் இருக்கு, ஃபாக்ஸ்கான் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல 2014-ல நோக்கியா மூடிட்டுப் போன ஃபேக்டரியை சால்காம்ப் எடுத்து சார்ஜர் பண்ணுது. உலகத்துக்கே சார்ஜர் போற ரோடு இது. அதே ரோட்டோரத்துல அம்பது ரூபாய்க்கு பேர் ஊர் இல்லாத அடாப்டர்! கேட்டா, "விலைக்கேத்த சரக்கு, தெரிஞ்சுதானே வாங்குறாங்க" அப்படீங்கறாங்க நம்ம காமர்ஸ் நண்பர்கள்.

என்னய்யா தெரியும்? ஒட்டி மூடின பிளாஸ்டிக் டப்பா அது.

ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்க மட்டும்னு நினைச்சிருந்தேன். இல்லை. அதுல ரெண்டு சுருளுக்கும் நடுவுல ஒயர் தொடர்பே கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். அந்த இடைவெளிதான் நம்ம உயிர். நல்ல போன் சார்ஜர்லயும் விரல்நுனி சைஸ்ல ஒண்ணு இருக்கு. மட்டமானதுல அந்தச் சுருளுக்கு நடுவுல சுத்துற டேப்புல கை வைக்கறான்.

சார்ஜ் ஏத்துற டார்ச், கொசு பேட் வகையறாவுல பல சமயம் ட்ரான்ஸ்ஃபார்மரே இருக்காது. ஒரு கெப்பாசிட்டர், நாலு டயோடு, அவ்வளவுதான். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸ்ல சுமார் 3,180 ஓம் தடை மாதிரி நிக்கும். 230 வோல்ட்டுக்கு 70 மில்லிஆம்பியர் சொச்சம் விடும். போனுக்குப் பத்தாது, டார்ச்சுக்குப் போதும். (எல்ஈடி பல்புக்குள்ளயும் இதே வித்தை உண்டு. அதுல தப்பில்லை, உள்ளே யாரும் கை வைக்கப் போறதில்ல.)

"கெப்பாசிட்டர்தான் தடுக்குதே?" ஒரு ஒயரைத்தான் தடுக்குது! இன்னொண்ணு நேரா லைனுக்குப் போகுது. ரெண்டு பின் பிளக்கை எப்படி வேணா திருப்பிச் சொருகலாம். ஃபேஸ் அந்தப் பக்கம் வந்துட்டா, மீட்டர்ல 5 வோல்ட் காட்டுற அதே முனை, வெறுங்காலோட தரையில நிக்கிறவனுக்கு 230. சரி, கெப்பாசிட்டர் வழியாவே வந்தாலும் 70 மில்லிஆம்பியர். வீட்டுல போடுற ஆர்சிசிபி 30-லயே விழணும்னு வெச்சிருக்காங்க. ஷிஃப்ட் முடிச்சு எட்டுப் பேர் படுக்கிற ரூம்ல அது இருக்கான்னு பாத்துட்டு வந்து அப்புறம் விலையைப் பத்திப் பேசுங்க.

சட்டம் இல்லாம இல்ல. 2012 ஆர்டர்ல ஆரம்பிச்சு அடாப்டருக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். மேல ஆர்-னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கணும், பிஐஎஸ் கேர் செயலியில போட்டா யாருதுன்னு தெரியும். சும்மா ஒரு நம்பரை அச்சடிக்கிறவனும் இருப்பான், அதனால போட்டுப் பாக்கணும்.

இன்னொண்ணு, நம்ம சிலபஸ்லயே இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 86-வது பிரிவு. செஞ்சவன் யாருன்னே தெரியலைன்னா, அந்தப் பொருளால வந்த கேட்டுக்கு வித்தவன் பொறுப்பு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு, கடைத்தெருவுல "வாங்கினவன் தலையெழுத்து"ன்னு பேசினா எப்படி?

போன வாரம் ஒரு கடையில டார்ச்சுக்கு பில் கேட்டேன். "எண்பது ரூபாய்க்கு பில்லா தம்பி?"ன்னு சிரிச்சாரு. பின்னாடி நின்னவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க.